விலாசம் தவறும் கூச்சல்

எங்களைத் திட்டுங்கள் என்று ரசிகர்களிடம் கேட்டுக்கொண்ட கேப்டன்கள் உலகக் கால்பந்தில் அதிகம் இருக்க முடியாது. சுனில் சேத்ரி கேட்டார். 2018 ஜூன் 1-ம் தேதி மும்பை அந்தேரியில் இந்திய அணி சீன தைபேயை 5-0 என்று துவம்சம் செய்தது. அதில் மூன்று கோல் சேத்ரியுடையது. பார்க்க வந்திருந்தவர்கள் 2,569 பேர். வசதியான வீட்டுக் கல்யாணத்தில் இதைவிடக் கூட்டம் சேரும்.

மறுநாள் சேத்ரி ஒரு வீடியோவில் தோன்றினார். இந்தியக் கால்பந்தின் மீது நம்பிக்கை இழந்தவர்களுக்கும், நம்பிக்கையே வைத்திராதவர்களுக்கும் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: இணையத்தில் உட்கார்ந்துகொண்டு ஏசுவதில் சுவாரஸ்யம் இல்லை. மைதானத்துக்கு வாருங்கள். எங்கள் முகத்துக்கு நேராகக் கத்துங்கள், திட்டுங்கள். யார் கண்டது, ஒரு நாள் மனசு மாறி எங்களுக்காகக் குரல் கொடுத்தாலும் கொடுப்பீர்கள்.

ஜூன் 4-ம் தேதி கென்யாவுடன் ஆட்டம். சேத்ரியின் 100-வது சர்வதேசப் போட்டி. டிக்கெட்டுகள் தீர்ந்துபோயின. கொட்டும் மழையில் இந்தியா 3-0 என்று ஜெயித்தது. அன்று யாரும் யாரையும் திட்டவேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

அவசியம் ஏற்பட்டது ஆறு வருடம் கழித்து, குவாஹாட்டியில். 2024 மார்ச் 26. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. எதிரணி ஆப்கானிஸ்தான். சொந்த மண்ணில் சர்வதேசப் போட்டி நடத்த வழியில்லாத, தர வரிசையில் இந்தியாவுக்கு வெகுவாகப் பின்தங்கியிருந்த அணி. சேத்ரிக்கு அது 150-வது ஆட்டம். பெனால்டியில் ஒரு கோலும் போட்டார். ஆனால் கடைசி இருபது நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கி இந்தியா 1-2 என்று தோற்றது. மாடங்களிலிருந்து ஊளை கிளம்பியது. பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாக்கைத் திரும்பிப் போகச் சொல்லிக் கோஷங்கள். சேத்ரி கொடுத்திருந்த அனுமதியை ரசிகர்கள் ஒருவழியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

சொந்த அணியைப் பார்த்து ஊளையிடலாமா? கால்பந்து எங்கெல்லாம் ஆடப்படுகிறதோ அங்கெல்லாம் உள்ள பழைய சண்டை இது. ஊளையிடுபவர்களின் கட்சி எளிமையானது. டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்திருக்கிறோம். பஸ்ஸோ ரயிலோ பிடித்து, விடுமுறையைச் செலவழித்து வந்திருக்கிறோம். ஆட்டக்காரர் ஒரு வாரத்தில் சம்பாதிப்பதை நாங்கள் பல வருடத்தில் சம்பாதிப்பதில்லை. கைதட்ட உரிமை உண்டென்றால் கத்தவும் உரிமை உண்டு. எதிர்க் கட்சியும் எளிமையானதுதான். மோசமாக ஆடும் பிள்ளையை ஊர் திட்டினால் திட்டட்டும், பெற்றவளும் சேர்ந்துகொண்டு திட்டலாமா?

முதல் கட்சியின் வாதத்தில் வலு இருக்கிறது. படம் பிடிக்காவிட்டால் சினிமாக் கொட்டகையில் ஊளையிடுவதில்லையா? இடைவேளைக்கு முன்பே ஆபரேட்டரைத் திட்ட ஆரம்பிப்பதில்லையா? ஆனால் கொட்டகையில் ஒரு சௌகரியம் உண்டு. திரையில் இருக்கும் நாயகனுக்கு அது காதில் விழாது. எவ்வளவு ஊளையிட்டாலும் அடுத்த காட்சியில் அவர் நடிப்பு இன்னும் மோசமாகிவிடப் போவதில்லை. கால்பந்து ஆட்டக்காரருக்குக் காது கேட்கும். அடுத்த பந்து அவரிடம்தான் வரப்போகிறது.

கூட்டத்தின் சத்தத்துக்கு எவ்வளவு சக்தி என்பதற்கு 2020-ம் வருடம் ஒரு விபரீதமான சோதனைக்கூடமாக அமைந்தது. கொரோனாவால் மைதானங்களைப் பூட்டி, காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆட்டங்கள் நடந்தன. பல நாட்டு லீக்குகளில் சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு வழக்கமாகக் கிடைக்கும் அனுகூலம் குறைந்துபோனதை ஆய்வாளர்கள் கண்டார்கள். வெளியூர் அணிக்கு நடுவர்கள் காட்டும் மஞ்சள் அட்டைகள்கூடக் குறைந்தன. கூட்டம் வெறும் பார்வையாளர் இல்லை. அதன் தொண்டைக்கும் ஆட்டத்தில் பங்கு உண்டு. ஆதரவாக எழும் சத்தம் கால்களுக்குத் தெம்பு தருமென்றால், எதிராக எழும் சத்தம் என்ன செய்யும் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை.

இம்மானுவேல் எபூவேயின் கதை அதற்குச் சாட்சி. 2008 டிசம்பர் 6. லண்டனில் ஆர்சனல் அணி விகானுடன் ஆடியது. காயத்திலிருந்து அப்போதுதான் மீண்டிருந்த எபூவே, முதல் பாதியிலேயே இன்னொருவருக்குப் பதிலாக இறக்கப்பட்டார். அதுவும் அவருக்குப் பழக்கமில்லாத இடத்தில். ஒரு பந்து தவறியது. முணுமுணுப்பு. இன்னொன்று தவறியது. ஊளை. அதன் பிறகு அவர் தொட்டதெல்லாம் தப்பாகப் போயிற்று. ஒரு கட்டத்தில் தன் சக ஆட்டக்காரரிடமிருந்தே பந்தைப் பறிக்கப் போனார். ஆட்டம் முடியும் தறுவாயில், மாற்றாக வந்தவருக்கே மாற்று இறக்கினார் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர். எபூவே தலைகுனிந்து வெளியேறியபோது பலர் ஆரவாரம் செய்தார்கள். அந்த ஆட்டத்தில் ஆர்சனல் 1-0 என்று ஜெயித்தது என்பதைச் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது.

அதே மைதானத்தில் பதினோரு வருடம் கழித்து நடந்தது இன்னும் பெரிதாகப் பேசப்பட்டது. 2019 அக்டோபர் 27, கிரிஸ்டல் பேலஸுடன் ஆட்டம். முதல் பத்து நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்ட ஆர்சனல், அந்த முன்னிலையைக் கோட்டைவிட்டு 2-2 என்று திணறிக்கொண்டிருந்தது. 61-வது நிமிடம். கேப்டன் கிரானிட் ஜாகாவை வெளியே அழைத்தார் பயிற்சியாளர் உனாய் எமரி. பலகையில் தன் எண்ணைப் பார்த்ததும் மைதானம் ஆனந்தக் கூச்சலிட்டதை ஜாகா கேட்டார். அவசரப்படாமல் நடந்து வந்தார். ஆனந்தம் ஊளையாக மாறியது. காதருகே கையைக் குவித்து, இன்னும் சத்தமாகக் கத்துங்கள் என்பதுபோல் சைகை காட்டினார். சட்டையைக் கழற்றி எறிந்தார். பெஞ்சில் உட்காராமல் நேராக உள்ளே போய்விட்டார்.

ரசிகர்களை அவமதித்தவர் என்று மறுநாள் பத்திரிகைகள் தீர்ப்பு எழுதின. நாலு நாள் கழித்து ஜாகா ஓர் அறிக்கை விட்டார். காலை உடைப்போம், மனைவியைக் கொல்வோம், மகளுக்குப் புற்றுநோய் வரட்டும் என்றெல்லாம் சமூக ஊடகங்களில் தனக்கு வந்துகொண்டிருந்த வாழ்த்துகளை அதில் குறிப்பிட்டார். நவம்பர் 5-ம் தேதி கேப்டன் பதவி பறிக்கப்பட்டது. அதே மாத இறுதியில் எமரியும் வேலை இழந்தார். பெட்டிகளைக் கட்டிவைத்துவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்ததாக ஜாகா பிற்பாடு எழுதியிருக்கிறார். புதிதாக வந்த பயிற்சியாளர் மிகெல் ஆர்டேட்டா பேசிப் பார்த்து நிறுத்திவைத்தார்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமை ஆர்சனல் ரசிகர்கள் உண்மையில் யார் மீது கோபமாக இருந்தார்கள்? அதற்கு மூன்று மாதம் முன்னால், 2019 ஜூலையில், பல ரசிகர் அமைப்புகள் கூடி கிளப்பின் அமெரிக்க முதலாளி ஸ்டான் குரோன்கேவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியிருந்தன. எங்களுக்கு அக்கறை இருக்கிறது, உங்களுக்கு இருக்கிறதா என்பதுதான் அதன் கேள்வி. கிளப் வருடத்துக்கு வருடம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. டிக்கெட் விலையோ இங்கிலாந்திலேயே மிக அதிகமான விலைகளில் ஒன்று. இந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் குரோன்கே வசிப்பது அமெரிக்காவில். ஜாகா நின்றது கூப்பிடு தூரத்தில்.

ஊளையைப் பற்றிய விவாதங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தத் தூரக் கணக்குதான். தகுதியில்லாதவரை அணியில் எடுத்தது யாரோ. காயம் ஆறாதவரை இறக்கியது யாரோ. நல்ல ஆட்டக்காரரை விற்றுக் காசு பார்த்தது யாரோ. அவர்களெல்லாம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள், அல்லது வேறு கண்டத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தின் கண்ணுக்குத் தெரிபவர் கால் சட்டையில் நிற்கும் ஓர் ஆள்தான். தபால் அவர் வீட்டில் விழுந்துவிடுகிறது.

ஊளைக்குத் தேசத்துக்குத் தேசம் பாஷை மாறுகிறது என்பதையும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் விசில் என்றால் வழிபாடு. முதல் நாள் முதல் காட்சியிலும் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்திலும் விசிலுக்கு வேறு அர்த்தமே கிடையாது. ஸ்பெயினில் அது வசை. ரியல் மாட்ரிட் ரசிகர்கள் விசிலடிப்பதில் உலகப் பிரசித்தி பெற்றவர்கள். 2017 ஏப்ரலில் பேயர்ன் மியூனிக்குக்கு எதிராக மூன்று கோல் போட்டு அணியைக் கரையேற்றினார் கிறிஸ்டியானோ ரொனால்டோ. ஆட்டம் முடிந்ததும் தன் சொந்த ரசிகர்களிடம் அவர் வைத்த கோரிக்கை, தயவுசெய்து இங்கே என்னைப் பார்த்து விசிலடிக்காதீர்கள் என்பதுதான். ரொனால்டோவுக்கே அந்தக் கதி.

இந்தியாவில் கல்கத்தா ரசிகர்களின் கோபம் விசிலோடு நிற்பதில்லை. 1975 செப்டம்பர் 30-ம் தேதி ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்காலிடம் மோகன் பகான் 0-5 என்று தோற்றது. தங்கள் ரசிகர்களுக்குப் பயந்து, மோகன் பகான் ஆட்டக்காரர்கள் சிலர் கங்கையில் ஒரு படகிலேயே அன்றிரவைக் கழித்ததாக வங்காளத்தில் இன்றும் சொல்கிறார்கள். அதே தோல்வியைத் தாங்க முடியாமல் ஓர் இளம் ரசிகர் உயிரை மாய்த்துக்கொண்டார். ஊளையிடுகிறவனுக்கு அணி மீது பாசம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பாசம் இருக்கிறது. சில சமயம் அளவுக்கு மீறி இருக்கிறது.

கால்பந்தைவிட்டுக் கொஞ்சம் விலகினால், விலாசம் தவறிய கூச்சலுக்கு இந்தியாவில் அண்மைக் காலத்தில் கிடைத்த பெரிய உதாரணம் ஹார்திக் பாண்டியா. ஐந்து முறை கோப்பை வாங்கித் தந்த ரோகித் சர்மாவை நீக்கிவிட்டு, மும்பை இந்தியன்ஸ் நிர்வாகம் 2023 டிசம்பரில் பாண்டியாவைக் கேப்டனாக்கியது. முடிவெடுத்தது நிர்வாகம். 2024 ஐ.பி.எல்.லில் ஊளை வாங்கியது பாண்டியா. ஆமதாபாத்திலும் ஹைதராபாத்திலும் கத்தினார்கள். அதையாவது வெளியூர் என்று விட்டுவிடலாம். ஏப்ரல் 1-ம் தேதி சொந்த வான்கடேயில், டாஸ் போட வந்தபோதே கத்தினார்கள். ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள் என்று கூட்டத்தைக் கண்டிக்கவேண்டிய நிலை வர்ணனையாளர் சஞ்சய் மஞ்ச்ரேக்கருக்கு. 14 ஆட்டங்களில் நாலை மட்டும் ஜெயித்து மும்பை கடைசி இடத்தில் முடிந்தது. கூச்சலும் அதற்கு ஒரு காரணமா என்பதை யாரும் நிரூபிக்க முடியாது. உதவியிருக்காது என்று மட்டும் சொல்லலாம்.

மூன்று மாதம் கழித்து, ஜூன் 29-ம் தேதி பார்படோஸில் டி-20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன் தேவை. பந்து பாண்டியாவின் கையில். இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. ஜூலை 4-ம் தேதி அணி மும்பைக்கு வந்தபோது அதே வான்கடே அதே பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. ஏப்ரலில் கத்தியவர்களில் எத்தனை பேர் அன்று அங்கே இருந்தார்கள் என்று யார் எண்ணினார்கள்? கூட்டத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. பாட்டு மட்டும்தான் மாற்றத் தெரியும்.

ஜாகாவுக்கும் பாட்டு மாறியது. 2023 மே 28-ம் தேதி ஆர்சனலுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டார். போகாதே, இங்கேயே இரு என்று அவரைப் பார்த்துப் பாடினார்கள். அவர் போய்விட்டார். அடுத்த பருவத்தில் பேயர் லெவர்குசன் ஒரு தோல்விகூட இல்லாமல் முதல் முறையாக ஜெர்மன் லீக்கைக் கைப்பற்றியபோது அதன் நடுக்களத் தூணாக இருந்தவர் ஜாகா. ஜெர்மன் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஒரே கோலும் அவருடையது.

அதற்காக ரசிகர்கள் வாயை மூடிக்கொண்டு டிக்கெட் வாங்க வேண்டுமா என்ன? 2016 பிப்ரவரி 6-ம் தேதி லிவர்பூல் ரசிகர்கள் செய்ததைப் பார்க்கலாம். அடுத்த பருவத்திலிருந்து மிக விலை கூடிய டிக்கெட் 77 பவுண்டு என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. சண்டர்லாண்டுடன் நடந்த ஆட்டத்தின் 77-வது நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து நடையைக் கட்டினார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. கூட்டம் காலியான பிறகு இரண்டு கோல் வாங்கி ஆட்டத்தை டிரா செய்தது. நாலே நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலை உயர்வை வாபஸ் வாங்கினார்கள். ஆட்டக்காரர் ஒருவரைக்கூட யாரும் ஏசவில்லை. (பாட்டு பிடிக்காவிட்டால் சத்தமில்லாமல் கேன்டீனுக்கு எழுந்துபோகும் சென்னை சபா ரசிகர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல.)

இந்தியாவிலும் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் ரசிகர் படையான மஞ்ஞப்பட, மஞ்சள் சட்டையும் முரசுமாகக் கொச்சி மைதானத்தை அதிரவைப்பது வழக்கம். 2014-ல் தொடங்கிய ஐ.எஸ்.எல். போட்டியில் மூன்று முறை இறுதி ஆட்டம் வரை போயும் அந்த அணி கோப்பையை வென்றதில்லை. 2024 டிசம்பரில் தோல்விகள் அடுக்கடுக்காக வந்தபோது பொறுமை போயிற்று. பயிற்சியாளர் மிகேல் ஸ்டாரேயை நிர்வாகம் நீக்கியது. வழக்கமான வைத்தியம். ஆனால் மஞ்ஞப்பட அதோடு சமாதானமாகவில்லை. நிர்வாகத்துக்கு எதிராகவே போராட்டம் அறிவித்தது. டிக்கெட் விற்பனைக்கு ஒத்துழைக்க மறுத்தது. எங்கள் சண்டை அணியோடு இல்லை, அதை நடத்துகிறவர்களோடு என்பதுதான் அதன் நிலை. தபாலில் விலாசம் சரியாக எழுதப்பட்டிருந்தது.

ஆட்டம் முடிந்து விசில் ஊதிய பிறகு, மொத்த அணியையும் பார்த்துக் கத்துவதில் பெரிய பாதகம் ஒன்றுமில்லை. அது கணக்குக் கேட்பது. பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவரைப் பொறுக்கியெடுத்து அவர் தொடும்போதெல்லாம் ஊளையிடுவது வேறு. 2022 மார்ச் 29-ம் தேதி வெம்பிளியில் இங்கிலாந்து ரசிகர்கள் ஹாரி மெக்வயருக்கு அதைத்தான் செய்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் பெயர் வாசிக்கப்பட்டபோதே ஆரம்பித்துவிட்டார்கள். அவர் செய்த குற்றம், மான்செஸ்டர் யுனைடெட் கிளப்புக்கு அந்தப் பருவத்தில் மோசமாக ஆடியது. இங்கிலாந்துக்கு ஆடி ஓர் உலகக் கோப்பை அரையிறுதியையும் ஓர் ஐரோப்பிய இறுதியையும் பார்த்தவர் என்பது அன்று கணக்கில் சேரவில்லை. இங்கிலாந்து 3-0 என்று ஜெயித்த பிறகு பயிற்சியாளர் காரத் சவுத்கேட் கோபத்தை மறைக்கவில்லை. அடிபட்ட ஆளைத் தேடிப்பிடித்து அடிக்கும் இந்த வழக்கத்துக்கு எந்த டிக்கெட்டும் உரிமை தருவதில்லை.

குவாஹாட்டிக் கூட்டம் அந்த அளவில் பரவாயில்லை. அது பந்தைத் தவறவிட்ட பையன்களைவிடப் பயிற்சியாளரைத்தான் அதிகம் குறிவைத்தது. கேட்டதும் கிடைத்தது. 2024 ஜூன் 6-ம் தேதி கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஏறக்குறைய 59,000 பேருக்கு முன்னால் குவைத்துடன் கோல் எதுவுமில்லாத டிரா. சேத்ரி கண்ணீரோடு விடைபெற்றார். அடுத்த வாரம் தோஹாவில் கத்தாரிடம் தோல்வி, தகுதிச் சுற்றிலிருந்து வெளியேற்றம். ஜூன் 17-ம் தேதி ஸ்டிமாக் நீக்கப்பட்டார்.

பிறகு மானோலோ மார்கெஸ் வந்தார். ஓய்வுபெற்ற சேத்ரியை 40 வயதில் திரும்ப அழைத்துவந்தார்கள். 2025 ஜூனில் ஹாங்காங்கிடம் 0-1. மார்கெஸ் போனார். காலித் ஜமீல் வந்தார். 2025 அக்டோபர் 14-ம் தேதி மார்காவில் சிங்கப்பூரிடம் 1-2. 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு போயிற்று. அடுத்த மாதம் டாக்காவில் பங்களாதேஷிடம் 0-1. நாட்டின் பிரதான லீக்கான ஐ.எஸ்.எல். அந்தப் பருவத்தில் உரிய காலத்தில் தொடங்கவே முடியாமல் ஒப்பந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு கிடந்தது. அது எந்தப் பயிற்சியாளரும் போட்ட முடிச்சு இல்லை.

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைமையகம் புதுதில்லி துவாரகாவில் இருக்கிறது. ஃபுட்பால் ஹவுஸ் என்று பெயர். அங்கே பார்வையாளர் மாடம் கிடையாது.